தண்ணீர் வரும் தேதி மாறினால் நாரைக்கு என்ன?

சம்பா நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆன வயலைப் பார்த்திருப்பீர்கள். கணுக்கால் அளவு தண்ணீர், வேர் பிடித்துப் பச்சை கட்டிய பயிர், நடுவே அழுக்கு வெள்ளை நிறத்தில் நாலைந்து பெரிய பறவைகள். கொக்கு என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். கொஞ்சம் நின்று அலகைப் பாருங்கள். பாக்குவெட்டி மாதிரி இருக்கும். மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும். அதுதான் நத்தைக்குத்தி நாரை. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும்.

அது நத்தை தின்னும் விதம் நான் பார்த்து அலுக்காத காட்சிகளில் ஒன்று. அலகைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை நம்பாமல் சேற்றைத் துழாவும். நத்தை அகப்பட்டால் ஓட்டை நொறுக்காது. அலகின் கூரான நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தி, சதையை ஓட்டோடு பிடித்து வைத்திருக்கும் தசையை அறுக்கும். பிறகு உள்ளே இருப்பதை முழுசாக உருவி விழுங்கும். வரப்போரம் கிடக்கும் வெற்று ஓடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கீறல்கூட இருக்காது.

இனி நத்தையின் கதை. சித்திரை, வைகாசி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும்போது அது எங்கே போனது? எங்கும் போகவில்லை. மண்ணுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் நனைந்ததும் எழுந்து, மேய்ந்து, முட்டையிடுகிறது. நத்தையை எழுப்புவது தண்ணீர். நாரையை வரவழைப்பது நத்தை. தண்ணீர் எப்போது வரும் என்பதை மழையும் மேட்டூரும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

காலநிலை மாற்றம் காட்டுயிர்களை என்ன செய்கிறது என்று கேட்டால் உடனே வெயிலைத்தான் நினைக்கிறோம். வெயில் ஒரு பங்குதான். எங்கள் காவிரி டெல்டாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் வந்து சேர்கிறது: எந்தத் தேதியில் வருகிறது, எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு உப்பு. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கிவிடும்.

வானிலை வேறு, காலநிலை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "போன வருஷம் இவ்வளவு மழை பெய்ததே, எங்கே இருக்கிறது உங்கள் காலநிலை மாற்றம்?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஒரு போகத்தில் உங்கள் வயலில் எத்தனை மூட்டை கண்டது என்பது வானிலை மாதிரி. ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் படுத்துவிடும். "அந்தப் பங்கில் ஒரு மா நிலத்துக்கு இவ்வளவுதான் காணும்" என்று ஊரே சொல்கிறதே, அது காலநிலை மாதிரி. பல வருஷக் கணக்கிலிருந்து வரும் பேச்சு அது. வானிலை ஆய்வாளர்களும் பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரியைத்தான் காலநிலை என்கிறார்கள். ஒரு நல்ல மழை அதைப் பொய்யாக்காது, ஒரு புயல் அதை மெய்யாக்கியும் விடாது.

அந்தச் சராசரிதான் நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் காற்றில் கரியமில வாயு சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி வெளியே விடும் வெப்பத்தை இந்த வாயு போர்வை மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. (தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் இதே வேலையைச் செய்கிறது. ஆக, நம் பங்கும் கொஞ்சம் உண்டு.) 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம். 2024 என்ற தனி ஆண்டு 1.5 டிகிரியையும் தாண்டியது.

ஒரு டிகிரியில் என்ன ஆகிவிடப் போகிறது? காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். பெய்யாத நாளில் மண்ணிலிருந்து அதிகமாக உறிஞ்சும், பெய்யும் நாளில் மொத்தமாகக் கொட்டும். பதினைந்து நாள் பரவலாகப் பெய்ய வேண்டியது மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் இருபது நாள் வானம் வெளுத்துக் கிடப்பது இதனால்தான் அதிகமாகிறது. மழைமானியில் மொத்தக் கணக்கு சரியாக இருக்கும். தவளைக்கு அது சரியாக இராது.

தவளையைச் சொன்னேன் அல்லவா, அதையும் பார்த்துவிடலாம். முதல் பெருமழை பெய்த இரவு ஊரே அதிரும்படி கத்துகிறதே, அது ஆண் தவளைகள் பெண் தவளைகளை அழைக்கும் சத்தம். முட்டை இடுவது பெரும்பாலும் மழையில் புதிதாகத் தேங்கிய பள்ளங்களில். அங்கே மீன் இல்லை, தலைப்பிரட்டைக்குப் பயமில்லை. ஆனால் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேறச் சில வாரம் ஆகும். அதுவரை பள்ளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். கொட்டிவிட்டு ஓய்ந்துபோகும் மழையில் பள்ளம் பத்தே நாளில் காய்ந்து, அடியில் கறுப்பாக ஒரு படலம் கிடக்கும். அத்தனையும் தலைப்பிரட்டைகள். தவளை குறைந்தால் வயலில் பூச்சி கூடும், சாரைப்பாம்புக்கும் மடையானுக்கும் இரை குறையும். அந்தச் சங்கிலி நீளமானது, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஏரியின் காலண்டர்

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-இல் சேர்ந்தது. பட்டியலில் பெரிய பெயர் இருந்தாலும் மூன்றும் பாசனத்துக்காக இருக்கும் ஏரிகள்தான். ஆற்றிலும் வாய்க்காலிலும் வரும் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி இருப்பவை. கோடையில் வற்றும், ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அது குறையில்லை. வற்றுவதும் நிரம்புவதும்தான் அந்த ஏரியின் இயல்பு. சிக்கல் தேதியில்தான் இருக்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். 2020-இல் அந்தத் தேதியில் திறந்தபோது, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில் திறக்கிறார்கள் என்று கொண்டாடினோம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அதாவது இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு மாத வித்தியாசம். இதற்கெல்லாம் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. குடகில் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்கிறது என்பதோடு மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டுச் சண்டையும் இதில் சேர்ந்திருக்கிறது. நாரைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

நாரையின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடு. ஏன் அங்கே? சுற்றிலும் தண்ணீர் இருந்தால் நாய், பூனை, நரி எதுவும் அடிமரத்துக்கு வராது. ஆகவே ஏரி நிறைந்தால்தான் கூடு கட்டும். முட்டை பொரிய மூன்றரை வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல். மொத்தம் இரண்டு மாதம் போல. இந்த இரண்டு மாதமும் சுற்று வட்டாரத்து வயல்களில் தண்ணீரும் நத்தையும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூடு கட்டினால் குஞ்சு வாய் பிளந்து கத்தும் நேரத்தில் சம்பா வயலில் இரை கிடைக்கும். காலங்காலமாக ஒன்றுக்கொன்று பொருந்தி வந்த கணக்கு இது.

ஏரி நிறைய ஒரு மாதம் தாமதமானால் கூடும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. குஞ்சு பெரிதாகி அதிகம் தின்னும் நேரத்தில் சம்பாவுக்குத் தண்ணீர் வடித்து அறுவடைக்குத் தயார் செய்துகொண்டிருப்போம். நத்தை மண்ணுக்குள் போயிருக்கும். தாயும் தகப்பனும் இன்னும் தூரம் பறந்து இரை தேட வேண்டியிருக்கும். நாலு குஞ்சில் இரண்டு தேறினால் அதிர்ஷ்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், மழை வெளுத்து வாங்கியது. அறுக்க நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடி அதே கதை. நமக்குத் தெரிந்தது நெல்லின் நஷ்டம். ஆனால் அந்த நேரத்தில் மரத்தின் மேல் பஞ்சு மாதிரி இறகோடு குஞ்சுகள் இருந்தால் நாள்கணக்கில் நனைந்து விறைத்துப்போகும். வயலில் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் நாரையின் அலகு அடி மண்ணை எட்டாது. நத்தை இருக்கும், சாப்பாடு இருக்காது.

வெயில் ஏறிய நாளில் கூட்டைப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். தாய்ப்பறவை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இறக்கையை அரைகுறையாக விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கட்டும். அலகைத் திறந்து இரைக்கும். அது நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது மாதிரி. தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்வதும் உண்டு; ஈரம் காயும்போது கால் குளிரும். வெயில் கூடக் கூட இப்படி நிற்கும் நேரம் கூடும். ஒருவர் நிழல் கட்ட நின்றுவிட்டால் இரை தேடப் போவது இன்னொருவர் மட்டும்தான்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எங்கள் பெரியப்பா கேட்டார்: "தண்ணி வந்தா நாரை தானா வரப்போவுது. இதுக்குப் போய் நோட்டுப் போட்டு எழுதுறியே தம்பி?" தண்ணீர் வந்தால் வரும், சரிதான். எப்போது வரும் என்பதைத்தான் பெரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மணல் முடிவு செய்யும் பிள்ளை

கோடியக்கரைப் பக்கம் தை பிறந்ததும் ஆமைகள் கரையேறத் தொடங்கும். பங்குனி ஆமை என்று பெயர். இரவில் வந்து, பின்னங்காலால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். நாய், நரி, காக்கை தின்றுவிடாமல் இருக்க வனத்துறை முட்டைகளை எடுத்து, வேலி அடைத்த பொரிப்பகத்தில் மறுபடி புதைத்து வைக்கிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு தடவை அப்படி ஒரு பொரிப்பகத்தில் நின்றிருந்தேன். காலை பத்து மணிக்கே செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சீட்டு, அதில் தேதியும் முட்டை எண்ணிக்கையும். காவலுக்கு இருந்த அண்ணன் ஒருவர் சொன்னார்: "இதுல எத்தனை ஆணு, எத்தனை பொண்ணுன்னு மணலுதான் சார் முடிவு பண்ணும்." வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே அறிவியல்.

நமக்கு ஆணா பெண்ணா என்பது கருவான நொடியிலேயே முடிந்துவிடுகிறது. கடல் ஆமைக்கு அப்படியில்லை. முட்டை மணலுக்குள் இருக்கும் நாள்களில், நடு மூன்றில் ஒரு பங்குக் காலத்தில், மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. சுமார் 29, 30 டிகிரியை ஒட்டி ஒரு எல்லை. அதற்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம், மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம். ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் ஒரு குழி முழுக்கப் பெண்ணாகிவிடலாம். 35 டிகிரி வாக்கில் போனால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, முட்டை வெந்துவிடும்.

பெண் அதிகமானால் நல்லதுதானே, நிறைய முட்டை வருமே? கொஞ்சம் கூடினால் உண்மையிலேயே பாதகமில்லை. ஓர் ஆண் ஆமை பல பெண்களோடு இணையும். ஆனால் வருஷா வருஷம் ஆண் குஞ்சே இல்லாமல் போனால் அதன் விளைவு இப்போது தெரியாது. குஞ்சு வளர்ந்து முட்டையிட வர பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இன்றைக்கு மணல் கொதித்தால் கணக்கு 2040-இல்தான் வரும். அதுவரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கலக்கம் தருவது இந்தத் தாமதம்தான்.

ஆமை கூட்டம் டைனோசர் காலத்திலிருந்து எத்தனையோ வெப்பத்தையும் குளிரையும் பார்த்துவிட்டது, இதைச் சமாளிக்காதா? சமாளித்திருக்கிறது. ஆனால் பழைய மாற்றங்கள் நடக்க ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்தன. தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் முன்னதாக முட்டையிட்டு, கொஞ்சம் வடக்கே நகர்ந்து பழகிக்கொள்ள அவகாசம் இருந்தது. இப்போது ஓர் ஆமையின் ஆயுளுக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடுகிறது. பொரிப்பகத்தில் கீற்றுப் பந்தலோ நிழல் வலையோ போட்டு மணலைக் குளிர்விக்கலாம். எளிய, பலனுள்ள வேலை. ஆனால் யார் கண்ணிலும் படாமல் ஆமை இட்டுப்போன குழிகளுக்குப் பந்தல் போட ஆளில்லை.

முதலைக்கும் இந்தக் கணக்கு உண்டு, கொஞ்சம் வேறு மாதிரி. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இருக்கும் சதுப்பு முதலைகளுக்கு நடுத்தரச் சூட்டில் ஆண், அதற்குக் கீழேயும் மேலேயும் பெண்.

உப்பு ஏறும் கடைமடை

டெல்டாவின் கடைசி வாய்க்கால் முடியும் இடத்தைக் கடைமடை என்கிறோம். அதற்கும் அப்பால் ஒரு கடைமடை இருக்கிறது. அதுதான் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறு, கோரையாறு மாதிரி காவிரியின் கிளைகள் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் சந்தித்துப் பேரம் பேசுகிற இடம். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் ஆறு ஜெயிக்கும், கோடையில் கடல் ஜெயிக்கும்.

படகில் போகும்போது கைக்கெட்டும் தூரத்தில் வெண்கண்டல் இலை இருந்தால் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். வெயில் நேரத்தில் இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு மினுங்குவதையும் பார்க்கலாம். வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் மூச்சு விடுவதற்கென்றே வேர்களைப் பென்சில் நட்டது மாதிரி மேலே நீட்டி வைத்திருக்கிறது. அந்த வேர்களுக்கு நடுவில் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. சேற்றில் உளுவை மீன் தத்தித் தாவும். நண்டு, அதைத் தின்னும் மீன்கொத்தி, மீனைத் துரத்தும் நீர்நாய் எல்லாம் இந்த வேர்க் காட்டின் குடிகள்.

உப்பைத் தாங்கும் மரம்தானே, கடல் ஏறினால் என்ன? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். அலையாத்தி மரம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நல்ல தண்ணீரும் வேண்டும். விதை முளைக்கவும் கன்று நிலைக்கவும் உப்பு கொஞ்சம் தணிய வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வராத வருஷத்தில், வெயிலில் காயல் சுண்டிச் சுண்டி, தேங்கிய இடங்களில் கடலைவிட அதிக உப்பாகிவிடும். அதையும் தாங்குவது வெண்கண்டல்தான். முத்துப்பேட்டையில் பெரும்பகுதி அந்த ஒரே மரமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். வடக்கே பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை என்று வகைவகையாகப் பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததே அந்த மரம்தான்.

கடல் மட்டம் 1901-இலிருந்து 2018-க்குள் உலகச் சராசரியில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. காரணம் இரண்டு. பனி உருகிக் கடலில் சேர்கிறது. கடலே சூடாகி விரிகிறது. பூமியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. ஒரு சாண் என்பது மலையோரக் கரைக்கு ஒன்றுமில்லை. நம் ஊரோ தாம்பாளம் மாதிரி தட்டை. இங்கே ஒரு சாண் உயர்ந்தால் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வெகுதூரம் உள்ளே ஏறும்.

இன்னொரு பக்கம் நிலமே தாழ்கிறது. டெல்டா என்பதே காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். வண்டல் தன் கனத்தில் தானே அமுங்கும். புது வண்டல் வந்து அதை ஈடுகட்டும். 1934-இல் மேட்டூர் அணை வந்தது, மேலே கர்நாடகத்தில் இன்னும் பல அணைகள். வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு நாம் போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம். கடல் ஏறுவது காலநிலை மாற்றம், நிலம் இறங்குவது நம் கைவேலை. சேற்றில் நிற்கும் கண்டலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடல் ஏறினால் அலையாத்திக் காடு பின்வாங்கத் தெரிந்த காடுதான். விதைகள் நிலத்துப் பக்கம் மிதந்து போய் முளைக்கும், நூறு இருநூறு வருஷத்தில் காடே நகர்ந்துவிடும். ஆனால் பின்னால் இடம் எங்கே? உப்பளம், இறால் பண்ணை, கரை, சாலை. முன்னால் கடல், பின்னால் சுவர்; காடு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

தெற்கே தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம், இதே கதை கடலுக்கு அடியில். அங்கே ஆழமில்லாத பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. அவற்றை மேயும் கடல் பசுவை, மீனவர்கள் சொல்லும் ஆவுளியாவை, காப்பாற்ற 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல் பசு காப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். கடல் அளவுக்கு மீறிச் சூடானாலும், வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைத்தாலும் புல் கருகும். அதற்கு வேறு தீனி கிடையாது.

கஜா இரவு

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம். கோடியக்கரைக் காட்டுக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

1967-இல் சரணாலயமான அந்தக் காட்டின் அடையாளமே வெளிமான். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக நிற்கும் கலைமானைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திறந்த புல்வெளியில் பிறந்து, எதிரி வந்தால் ஓடியே தப்பிப்பதற்கென்று அமைந்த உடம்பு. கடல் உள்ளே வந்தால் ஓட்டம் உதவாது. அன்று இரவு எத்தனையோ மான்கள் இறந்தன. புயல் ஓய்ந்த பிறகு உடல்கள் கரை ஒதுங்கின. பழைய மரங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் பெரிய சேதம்.

கஜா காலநிலை மாற்றத்தால்தான் வந்ததா? அப்படி ஒரு தனிப் புயலைக் காட்டிச் சொல்லிவிட முடியாது. 1952-லும் 1977-லும் நாகப்பட்டினத்தைப் பெரும் புயல்கள் அடித்திருக்கின்றன. சொல்லக்கூடியது இதுதான்: புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அது உருவாகும். கடல் சூடாகச் சூடாக, வரும் புயல்களில் பலமானவற்றின் பங்கு கூடும். மழையும் அதிகமாகக் கொட்டும். ஏற்கெனவே ஒரு சாண் உயர்ந்திருக்கும் கடலின் மேல் ஏறி வரும் அலை இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்.

புயலுக்கு மறுநாள் தப்பிப் பிழைத்த மானுக்கு வேறு பிரச்சினை. கோடியக்கரையில் குடிதண்ணீர் என்பது மணலுக்குள் மேலாகத் தங்கும் மெல்லிய நன்னீர்ப் படலமும் சில குட்டைகளும்தான். அடியில் உப்பு. கடல் ஏறி இறங்கினால் குட்டைகள் உப்பாகிவிடும், அடுத்த நல்ல மழை கழுவும்வரை. கோடையில் வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைக்கிறது. அதை நம்பித்தான் மான்கள் பல நாள் ஓட்ட வேண்டியிருக்கிறது.

சாய்ந்த மரங்களின் இடத்தில் எது முதலில் முளைக்கும் என்று நினைக்கிறீர்கள்? சீமைக்கருவேலம். வறட்சியைத் தாங்கும், உப்பைத் தாங்கும், மான் தின்ற காய் வழியாகவே விதை பரவும். புல்வெளி குறையும், புல்லை நம்பிய மானும் குறையும். காலம் மாறும்போது எல்லா உயிரும் தோற்பதில்லை, சில ஜெயிக்கும். ஜெயிப்பவை பெரும்பாலும் நாம் விரும்பாதவையாகவே இருக்கின்றன என்பது என் அனுபவம்.

பந்தி முடிந்தபின் வரும் விருந்தாளி

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடைதான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பி கோடியக்கரைச் சதுப்புக்கும் வேதாரண்யம் உப்பளங்களுக்கும் வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும்.

இங்கிருந்து எப்போது கிளம்புவது என்று அதற்கு யார் சொல்வது? பெரும்பாலும் பகல் நீளும் அளவு. அது மாறாத கடிகாரம். ஆனால் அங்கே பனி உருகுவதைச் சொல்வது வெப்பம், அது மாறிவிட்டது. பனி முன்னதாக உருகினால் பூச்சிகளும் முன்னதாகப் பெருகி முன்னதாகவே ஓய்ந்துவிடும். உள்ளான் வழக்கமான தேதியில் போய்ச் சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும்போது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் நத்தையும் நாரையும் தேதி தவறுவது மாதிரிதான், ஆனால் இங்கே இரண்டு முனைகளுக்கும் நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர்.

எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் மேல் போடலாமா?

கூடாது. ஆமைகள் செத்து ஒதுங்குவதற்கு இன்றைய தேதியில் பெரிய காரணம் இழுவை வலைகள். நத்தையும் நண்டும் குறைவதற்கு வயலில் அடிக்கும் மருந்து. ஆற்றில் மணல் அள்ளியது, குளத்தைத் தூர்த்தது எல்லாம் உள்ளூர்க் காரியங்கள். ஏற்கெனவே காய்ச்சலில் படுத்தவனை மழையில் நிற்க வைத்த மாதிரி, அவற்றின் மேல் வந்து இறங்குகிறது காலநிலை மாற்றம். உடம்பு திடமாக இருந்தால் ஒரு மழையைத் தாங்கிவிடலாம். இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. உலகத்துக் கரியமில வாயுவை மன்னார்குடியிலிருந்து நிறுத்த முடியாது. ஆனால் ஒரு வடிகாலைத் தூர் வாரவும், ஏரியில் நாலு நாட்டுக் கருவேலக் கன்று வைக்கவும் ஊரால் முடியும்.

எதையும் சட்டென்று காலநிலை மாற்றம் என்று முத்திரை குத்திவிடாமல் இருக்க மயில் எனக்குப் பாடம். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் மயில் கிடையாது. திருவிழாவில் முருகன் வாகனமாகப் பார்த்ததுதான். இப்போது நாற்றங்காலைக் கிளறுகிறது என்று பெரியப்பா டின் தட்டி விரட்டுகிறார். ஊர் வறண்டு வருவதால் வறண்ட நிலத்துப் பறவை உள்ளே வருகிறது என்கிறார்கள். நரி குறைந்ததால் என்கிறார்கள். தரிசு கூடியதால் என்கிறார்கள். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

சரி, புதிதாக இதையெல்லாம் கவனிக்க விரும்புபவர் எங்கே தொடங்குவது? பைனாகுலர் இல்லாமலே தொடங்கலாம். பொங்கல் நாள்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம்; ஊர்க் குளக்கரையில் கால் மணி நேரம் நின்று பார்த்ததை எழுதி அனுப்பினால் போதும். அதைவிட எளிது வீட்டிலேயே தேதி எழுதி வைப்பது. முதல் தவளைச் சத்தம், முதல் நாரை, குளத்தில் கடைசித் தண்ணீர் வற்றிய நாள். ஒரு வருஷத் தேதி வெறும் தேதிதான். பத்து வருஷம் சேர்ந்தால் அதற்குள் ஒரு கதை தெரிய ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும் சுவரில் பெரியப்பா வருஷா வருஷம் பென்சிலால் ஒரு தேதி எழுதுவார், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள். இரண்டு வருஷமாக அதற்குக் கீழே நான் முதல் நத்தைக்குத்தி வந்த நாளை எழுதுகிறேன். போன மாதம் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சுவர் முன் நின்று, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் பதினொரு நாள்ல வந்துச்சே தம்பி. இந்தத் தடவை ஏன் இன்னும் காணோம்?"